மண்டபத்து வேப்பங்கொப்பு

பத்தமடை
சௌமிய வருஷம் மாசி 1

எலிசபெத் அக்காளுக்கு சுடலைவடிவு எழுதுவது.

நீயும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள். நானும் பேச்சியும் பத்தமடையில் இருக்கிறோம். என் எழுத்தைப் பார்த்ததும் நீ திகைப்பாய். போன பங்குனியில் என் மகன் கண்ணுவைக் கடைசியாகத் துணியில் சுற்றிக்கொண்டிருக்கும்போது, "அம்மை குத்தியிருந்தா பிள்ளை பிழைச்சிருப்பாம்லா" என்று எல்லார் முன்னாலும் சொன்னாய். அன்றோடு உன்னிடம் பேச்சை விட்டேன். அதை மறந்துவிட்டு இப்போது எழுதவில்லை. பயத்தில் எழுதுகிறேன்.

கண்ணு அம்மையில் கிடந்தபோது, இரண்டு பிள்ளைகள் முடியையும் தருகிறேன் என்று திருச்செந்தூரானுக்கு நேர்ந்துகொண்டேன். அவன் முடி அவனோடு மண்ணுக்குள் போய்விட்டது. பேச்சியின் முடிதான் மிச்சம். வருஷம் திரும்புமுன்னே கொடுக்காவிட்டால் சாமி தன் கையாலேயே வந்து எடுத்துக்கொள்ளும் என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. பிள்ளை தும்மினால்கூட ஓடிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். அவள் அப்பாவுக்குக் கண்டித் தோட்டத்துக்கு எழுதினேன். பதில் இல்லை. யாரை எதிர்பார்த்து இருக்க?

களக்காட்டிலிருந்து, திருச்செந்தூருக்கு நடந்து போகிற ஆவுடைத்தாய் மதினி கூட்டத்தோடுதான் புறப்பட்டேன். சேரன்மகாதேவி வருமுன்னே பேச்சியின் குதிகாலில் கொப்புளம் உடைந்துவிட்டது. இடுப்பில் தூக்கிக்கொண்டு அவர்கள் நடைக்கு நடக்க என்னால் ஆகவில்லை. "நீ பைய வா வடிவு, சீவைகுண்டத்துல காத்திருக்கோம்" என்று சொல்லிவிட்டு மதினி போய்விட்டாள். அவர்கள் பாட்டுச் சத்தம் கேட்டமட்டும் நடந்தேன். அப்புறம் அதுவும் கேட்கவில்லை.

இங்கே ஒரு சத்திரத்து வாசலில் போய் நின்றேன். காவல்காரன் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "கூட ஆம்பிளை யாரு?" என்றான்.

"யாருமில்ல. புள்ளையும் நானுந்தான்."

"அப்பம் இங்கன எடமில்ல. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்லுதது? போ தாயி, போ."

எதிரே பாய் முடையக் கோரை காயப்போட்டிருந்த ஒரு துலுக்க அம்மாள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பேர் சித்தி ஜனாபா. "அவன் வாசல்லயே ஏன் நிக்கே? கோரை வச்சிருக்க அறை சும்மாத்தான கெடக்கு" என்று உள்ளே கூப்பிட்டாள். விரதம் என்று சொன்னேன். புதுப்பானையும் பச்சரிசியும் எடுத்துத் தந்து, "நீயே பொங்கிக்க, நான் அந்தப் பக்கமே வரல" என்றாள். இந்தக் காகிதமும் அவள் தந்ததுதான். பாய் சுற்றுகிற காகிதம்.

இப்போது வந்த பயம் இது. நீலக் கோட்டுப் போட்ட ஒரு ஆள் நேற்றிலிருந்து நாங்கள் உட்காருகிற இடத்தில் எல்லாம் உட்காருகிறான். கங்காணியாம், தோட்டத்துக்கு ஆள் சேர்க்கிறவன். பேச்சி அவனிடம் அப்பா கண்டியில் இருக்கிறார் என்று சொல்லிவிட்டாள். இன்றைக்குக் காலையில் சிரித்துக்கொண்டு வந்தான். "உம் புருஷன் இருக்க தோட்டம் எனக்குத் தெரியும் தாயி. தூத்துக்குடியில கப்பலேத்தி அவன்கிட்டயே கொண்டு விடுதேன்." புருஷன் பேரைக் கேட்டேன். "பேருல என்ன இருக்கு" என்றான்.

நீ கிறிஸ்து வேதத்தில் சேர்ந்து, வேதக்கார அம்மாமார்களோடு திருச்செந்தூர் வரைக்கும் ஊர் ஊராய்ப் போனவள். ஒரு பொம்பிளை பயமில்லாமல் தலை சாய்க்கிற இடம் எங்கெங்கே என்று எழுது. பாளையங்கோட்டை வழியாகத்தான் போவேன். உன் வீட்டுக்கு வரமாட்டேன். தபால் ஆபீசில் என் பேருக்குப் போட்டு வை.

சுடலைவடிவு

பாளையங்கோட்டை
1910 பிப்ரவரி 14

கர்த்தருக்குள் பிரியமான தங்கை வடிவுக்கு,

கோரை மணக்கும் உன் கடிதம் இன்று வந்தது. இதே ஊரில் இருந்துகொண்டு, இதே ஊர்த் தபால் ஆபீசில் உனக்கு ஸ்டாம்பு ஒட்டிப் போடுகிறேன். தபால்காரர், "என்ன வாத்திச்சியம்மா, நடந்து போய்க் கொடுத்தா ஆகாதா?" என்று கேட்டார். "ஆகாது" என்றேன். தபால் ஆபீஸ் வாசலில் நின்று உன்னைப் பிடித்துக்கொள்ளலாமா என்றும் நினைத்தேன். என்னைக் கண்டால் நீ கடிதத்தையும் வாங்காமல் போய்விடுவாய். சிறுபிள்ளையிலிருந்தே உன் குணம் அது.

இடம் கேட்டிருக்கிறாய். செய்துங்கநல்லூரில் சந்தைப்பேட்டைக்குள் போ. காய்கறி கொண்டுவரும் பொம்பிளைகள் கூடைகளைச் சுற்றி வைத்துக்கொண்டு நடுவில் படுப்பார்கள். அவர்களோடு படு. கருங்குளம் தாண்டினால் மண்டபங்கள் உண்டு. ஆட்கள் இருந்தால் மட்டும் தங்கு, தனியாகத் தங்காதே. ஸ்ரீவைகுண்டத்துக்கு அப்பால், ஆழ்வார்திருநகரி போகிற பாதையில், பனைவிடலிக்குள், இளம்பனைகளுக்கு நடுவே ஒரு சின்ன ஓட்டு வீடு. என்னோடு படித்த ஹெப்சிபா இருக்கிறாள், கைம்பெண். இந்தக் கடிதத்தைக் காட்டு, உன்னைத் தன் பாயில் படுக்க வைத்துத் தான் தரையில் படுப்பாள்.

ஒன்றைக் கவனமாகக் கேள். அந்தப் பக்கத்தில் அங்கங்கே அம்மை கண்டிருப்பதாகச் சொல்லுகிறார்கள். வாசலில் வேப்பிலை செருகியிருக்கிற வீட்டில் தண்ணீர்கூடக் கேட்காதே. பேச்சியின் கையில் இன்னும் குத்தவில்லை. ஒரே ஒரு நாள் இங்கே நின்றால் போதும். நான் கேட்டால் நீ கேட்கமாட்டாய், ஆனாலும் கேட்கிறேன்.

அந்த நீலக் கோட்டுக்காரனோடு ஒரு வார்த்தையும் பேசாதே.

உன் அக்காள்
எலிசபெத்

ஆற்றங்கரை மண்டபம்
மாசி 6

அக்காளுக்கு,

உன் கடுதாசியை வாங்கினேன். உன் வீட்டுத் தெருமுனை வரைக்கும் வந்தேன். நீ முற்றத்தில் குனிந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாய். தலையில் நரை தெரிந்தது. பேச்சி உன்னைப் பார்த்து "பெரியம்மை" என்று கூப்பிடப் போனாள், வாயைப் பொத்திக்கொண்டு வந்துவிட்டேன்.

செய்துங்கநல்லூரில் நீ சொன்னபடி கூடைக்காரிகளோடு படுத்தோம். ஸ்ரீவைகுண்டத்தில் மதினி கூட்டம் இல்லை. முந்தின நாளே போய்விட்டார்களாம். ஹெப்சிபா வீட்டைக் கண்டுபிடித்தேன். அவள் நல்லவள்தான், ஆனால் அடுப்பில் கருவாடு கொதித்தது. விரதத்தோடு அந்த வாசனைக்குள் படுக்க மனசு வரவில்லை. "மீனைத் தூரப் போட்டுருதேன், இரி" என்றாள். கேட்காமல் நடந்துவிட்டேன். அங்கேதான் தப்புப் பண்ணினேன்.

கூப்பிடு தூரத்தில் இந்தக் கல் மண்டபம். ஆள் இல்லை. பொழுது சாய்கிறது, பேச்சியால் நடக்க முடியவில்லை. உட்கார்ந்து தலைநிமிர்ந்தால் பாதையில் நீலக் கோட்டு. இந்தத் தடவை கூட ஒருவன், கையில் கயிறு. அவர்கள் அவசரப்படவே இல்லை அக்கா. ஆற்றில் இறங்கிக் கால் கழுவினார்கள். ஒருவனுக்கொருவன் பீடி பற்றவைத்தார்கள். மாட்டை ஓட்ட வந்தவர்கள் மாதிரி நின்றார்கள்.

எனக்கு என்ன புத்தி வந்ததோ. மண்டபத்தை ஒட்டி வேப்பமரம். எட்டி ஒரு கொப்பை ஒடித்து வாசல் தூணிடுக்கில் செருகினேன். முடிச்சில் இருந்த மஞ்சளைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்தேன். பேச்சியைப் படுக்கவைத்து என் சேலையால் முகத்தோடு மூடினேன். "மூச்சுக் காட்டாத" என்றேன். அவர்கள் படியில் கால் வைக்கும்போது சொன்னேன்: "எட்டி நில்லும்வே. ஆத்தா வந்திருக்கா."

நீலக் கோட்டுக்காரன் முகம் சாம்பலாய்ப் போயிற்று. கன்னத்தில் போட்டுக்கொண்டான். இரண்டு பேரும் வந்த வழியே ஓடினார்கள். கீழே வைத்த சொம்பைக்கூட எடுக்கவில்லை. நான் சிரித்தேன் அக்கா. கண்ணு போனபிறகு அப்போதுதான் சிரித்தேன்.

ஓடினவர்கள் ஊருக்குள் சொல்லியிருக்கவேண்டும். விடிந்து பார்த்தால் படிக்குக் கீழே இளநீர், மோர், வாழையிலையில் கூழ். எட்ட நின்று ஊர்ப் பொம்பிளைகள் கும்பிடுகிறார்கள். பிள்ளையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். தலையாரி கம்பைக் குறுக்கே நீட்டினான்.

"எங்க போறிய? ஆத்தா எறங்கித் தலைக்குத் தண்ணி ஊத்துத வரைக்கும் இந்த எடத்தை விட்டு அசையப்படாது. நடுவுல கெளப்பிக்கிட்டுப் போனா அவ கோவம் எங்க ஊருமேலல்லா விழும்?"

ஊரில் ஒரு வீட்டிலும் தாளிக்கவில்லை. ஒரு கல்யாணத்தைத் தள்ளிவைத்துவிட்டார்களாம். அந்தப் பெண்ணின் தாயே எனக்குக் கூழ் கொண்டுவந்து வைக்கிறாள். இவர்களிடம் பொய் என்று எப்படிச் சொல்லுவேன்? ஆத்தா பேரைச் சொல்லி ஏமாற்றியவளை உயிரோடு விடுவார்களா? விட்டாலும், பாதையில் அவன் எங்கே நிற்கிறானோ.

என் கையிலிருந்து காகிதத்தை யாரும் வாங்கமாட்டார்கள். பத்தமடைப் பாய் சுமந்து திருவிழாவுக்குப் போகும் மதார் என்பவர் மட்டும் கிட்டே வந்தார். முகமெல்லாம் அம்மைத் தழும்பு. "எனக்கு வரவேண்டியது சின்னதுலயே வந்துபோச்சு தாயி, கொண்டா" என்று வாங்கிக்கொண்டார். பதிலை ஸ்ரீவைகுண்டம் தபால் ஆபீசுக்கு மதார் பேரில் போடு.

இதை எழுதி முடிக்கப் பயமாக இருக்கிறது. பேச்சிக்கு நேற்றுச் சாயங்காலத்திலிருந்து நெற்றி சுடுகிறது.

வடிவு

பாளையங்கோட்டை
பிப்ரவரி 18

வடிவு,

திட்டுவதற்கு நேரமில்லை. காய்ச்சல் என்றால் கால் புண்ணால் இருக்கும். குதிகாலை வெந்நீரில் கழுவு. கொதித்து ஆறின தண்ணீரைத் தவிர வேறே கொடுக்காதே.

தலையாரியைக் கூப்பிட்டு உள்ளதைச் சொல். இரண்டு ஆண்களுக்குப் பயந்து செய்தேன் என்று சொல். பெண்பிள்ளை பெற்றவர்கள் அந்த ஊரிலும் இருப்பார்கள். நாலு பேச்சுப் பேசுவார்கள், வாங்கிக்கொள். பொய்க்குள் உட்கார்ந்திருக்காதே, வெளியே வந்துவிடு. ஹெப்சிபா வீட்டுக்குப் போ. அவள் மீன் சமைக்கமாட்டாள், எழுதியிருக்கிறேன்.

நீ தெருமுனைவரை வந்தாய் என்று வாசித்தேன். அன்றைக்கு ஆய்ந்த கீரையை நான் சமைக்கவில்லை. ஏனோ கை ஓடவில்லை.

எலிசபெத்

மண்டபம்
மாசி 8

அக்கா,

இப்போது சொல்லுவதற்கு உண்மை ஒன்றும் இல்லை. பொய்யும் இல்லை. காலையில் பேச்சியின் காதுக்குப் பின்னால் சிவப்பாய்ப் பொரிந்திருக்கிறது. கழுத்திலும் இருக்கிறது. கண் சிவந்து தண்ணீர் வடிகிறது.

நான்தான் கூப்பிட்டேன். வா என்று வாசலில் கொப்புச் செருகி, மஞ்சள் தெளித்து, பிள்ளையையும் கிடத்தி மூடிவைத்தேன். கூப்பிட்டால் வராமல் இருப்பாளா? கண்ணுவுக்கு மூச்சு நின்றதும் இப்படித்தான் முகத்தை மூடினோம். அதே சேலைதான் அக்கா இது.

ஊர்க்காரர்கள் எட்ட நின்று கும்பிடுகிறார்கள். ஒருத்தர்கூட உள்ளே வந்து பிள்ளையைப் பார்க்கவில்லை. பேச்சி, "அம்மா, மூச்சுக் காட்டட்டுமா?" என்று கேட்கிறாள். அன்றைக்கு நான் சொன்னதையே இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

நீ வராதே. வந்து, குத்தியிருந்தால் என்று சொல்லாதே. இந்தத் தடவை அதை நான் தாங்கமாட்டேன்.

ஹெப்சிபா வீடு
பிப்ரவரி 20

வடிவு,

வராதே என்று நீ எழுதியது கைக்குக் கிடைக்குமுன்னே வண்டி பிடித்துவிட்டேன். மதார் அதை இங்கே கொண்டுவந்து கொடுத்தார். இங்கிருந்து உன் மண்டபத்து வேப்பமரம் தெரிகிறது. மறுபடியும் உனக்குக் கடிதம் எழுதுகிறேன் பார். காலையில் வந்தேன், தலையாரி பனைவிடலி ஓரத்திலேயே நிறுத்திவிட்டான்.

"உள்ள போனா தண்ணி ஊத்துத மட்டும் வெளிய வரமுடியாது."

"வரல" என்றேன்.

"நீரு வேதக்காரி. நீரு போனா ஆத்தா கோவிப்பா."

"ஆத்தாளுக்கும் எனக்கும் சண்டை ஒண்ணுமில்ல அண்ணாச்சி. எனக்கும் என் தங்கச்சிக்குந்தான் சண்டை" என்றேன்.

அவன் சிரித்துவிட்டான். போய்ப் பூசாரியைக் கூட்டிவந்தான். பூசாரி என்னை மேலும் கீழும் பார்த்தார். அம்மை வீட்டுக்குள் போகிற எவளும் எப்படிப் போவாளோ, அப்படியே நானும் போகவேண்டுமாம். ஆற்றில் முழுகி, ஈரச்சேலையோடு, மஞ்சள் பூசி, வேப்பிலையைக் கையில் பிடித்துக்கொண்டு, வாசலில் விழுந்து கும்பிட்டு உள்ளே போகவேண்டும். அப்படியென்றால் ஊர் தடுக்காது.

இது லெந்து நாட்கள், எங்கள் தபசு காலம். உன் அத்தான் ஞாயிறுதோறும் பீடத்தருகே நின்று வேதம் வாசிக்கிறவர். நான் வேப்பிலை பிடித்து விழுந்து கும்பிட்டேன் என்று சபையில் தெரிந்தால் அவர் வேலை என்னவாகும், என்னை இராப்போஜனப் பந்திக்குச் சேர்ப்பார்களா, தெரியாது. காலையிலிருந்து ஹெப்சிபாவின் வாசற்படியில் உட்கார்ந்து இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஜெபம் பண்ணப் பார்த்தேன். வார்த்தை வரவில்லை. கண் அந்த வேப்பமரத்துக்கே போகிறது.

மதாரிடம் பிள்ளையை உற்றுப் பார்க்கச் சொன்னேன். "முத்து முத்தா இல்லம்மா, மணலைத் தூவினாப்பல இருக்கு" என்கிறார். அப்படியானால் இது வைசூரி இல்லை, மணல்வாரி என்கிற சின்ன அம்மையாக இருக்கலாம். இல்லாமலும் போகலாம். அவர் கண்ணை நம்பி நான் இங்கே உட்கார்ந்திருக்க முடியாது.

நாளை விடிந்ததும் ஈரச்சேலையோடு வருகிறேன். உன் அத்தானுக்கு இதை எழுதவில்லை. குத்தியிருந்தால் என்ற அந்த வார்த்தையை உன்னிடம் சொல்லமாட்டேன். பேச்சியிடம், பெரியம்மை வருகிறாள், நன்றாக மூச்சுக் காட்டலாம் என்று சொல்.

எலிசபெத்

களக்காடு
பங்குனி 4

அக்காளுக்கு,

நாங்கள் வீடு வந்து சேர்ந்தோம். பேச்சி மொட்டைத் தலையோடு தெருவெல்லாம் ஓடுகிறாள். மேலெல்லாம் தோல் உரிந்து தவிடு மாதிரி கொட்டுகிறது. தழும்பு ஒன்றும் இல்லை. தினம் காலையில் அவளை வெளிச்சத்தில் நிறுத்திக் காது, கழுத்து, உள்ளங்கை எல்லாம் பார்க்கிறேன். "அம்மா, நேத்துத்தான பாத்த" என்கிறாள்.

மணல்வாரி என்று நீ சொன்னாய். காய்ச்சல் ஊரிலேயே ஒட்டியிருக்கும், புறப்படுமுன்னே பக்கத்து வீட்டுப் பிள்ளை இருமிக்கொண்டிருந்தது என்று நான் சொன்னதைப் பிடித்துக்கொண்டாய். நீ சொல்லுவது சரியாக இருக்கலாம். எனக்கு அது போதவில்லை. நான் கூப்பிட்டேன், அவள் வந்து பார்த்தாள், இந்தத் தடவை சும்மா தொட்டுவிட்டுப் போனாள். அடுத்த தடவையும் அப்படியே போவாள் என்று யார் சொன்னது?

மூன்றாந் தண்ணி ஊற்றின அன்றைக்குக் கல்யாணப் பெண்ணின் தாய் நம் இரண்டு பேர் காலிலும் விழுந்தாளே, அது நெஞ்சில் கல்லாய்க் கிடக்கிறது. நான் வாயைத் திறக்கப் போனேன். நீ என் கையைப் பிடித்து அமுக்கினாய். உண்மையைச் சொல் என்று எழுதினவளும் நீதான்.

திருச்செந்தூரில் தேர் ஓடி முடிந்து, கடை எல்லாம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கோவிலுக்குள் வரமாட்டேன் என்று நீ கடற்கரையில் நின்றுகொண்டாய். முடி இறக்கும்போது பேச்சி அழுதாள். வெளியே வந்து பார்த்தால், அலை காலை நனைக்க, எங்கள் இரண்டு பேர் மூட்டையையும் தலையில் வைத்துக்கொண்டு நீ நிற்கிறாய். நனையாமல் இருக்கத்தான் தலையில் வைத்தேன் என்றாய். மூட்டையைக் கரையில் வைத்திருக்கலாமே அக்கா. எங்களை விட்டு அகல உனக்கும் பயம் என்று எனக்குத் தெரிந்தது.

நீ வேப்பிலை பிடித்து விழுந்து கும்பிட்டதற்குச் சபையில் என்ன சொன்னார்கள், அத்தான் என்ன சொன்னார் என்று நீ எழுதவே இல்லை. எழுது. நான் வந்து அவர் காலில் விழுகிறேன்.

சித்திரை பிறந்ததும் பேச்சியைக் கூட்டிக்கொண்டு உன் வீட்டுக்கே வருகிறேன். அம்மை குத்துகிறவரை வரச் சொல்லிவை. நீ சொன்னதற்காக இல்லை. எல்லா வாசலையும் அடைத்துவிட்டுப் படுத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்போல் இருக்கிறது. பிள்ளை கையை நீ பிடித்துக்கொள். நான் தெருமுனையில் நிற்கிறேன்.

மதார் நேற்றுப் பாய் விற்க வந்தார். நீலக் கோட்டுக்காரனைத் தூத்துக்குடி கடலோரத்தில் பார்த்தாராம். கூட ஒரு பொம்பிளை, ஒரு கைப்பிள்ளை. படகில் ஏறும்போது அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாளாம். அவளுக்கு ஒரு வேப்பமரம் கிடைக்கவில்லை.

மண்டபத்தில் நான் செருகின கொப்புக் காய்ந்ததும் ஊரார் புதுசு செருகிவிட்டார்களாம். விளக்கும் வைக்கிறார்களாம். ஆண்கள் அந்தப் படியில் கால் வைப்பதில்லையாம். வழிநடைப் பொம்பிளைகள் இரண்டு பேர் அங்கே நிம்மதியாகத் தூங்கி எழுந்து போனார்கள் என்று மதார் சொன்னார்.

இன்றைக்கு மேலத்தெருவிலிருந்து ஒருத்தி வந்தாள். புருஷன் இல்லாதவள், கையில் மூன்று வயசுப் பிள்ளை. வைகாசிக்குத் திருச்செந்தூர் போகவேண்டும், "எங்க தங்கின மதினி, எனக்கும் சொல்லு" என்று கேட்டாள். சித்தி ஜனாபா வீட்டைச் சொன்னேன். கூடைக்காரிகளைச் சொன்னேன். ஹெப்சிபாவையும் சொன்னேன். கடைசியில் மண்டபத்தைச் சொன்னேன். ஏன் அங்கே ஆண்கள் வரமாட்டார்கள் என்று மட்டும் சொல்லவில்லை.

அவள் படி இறங்கிப் போய்விட்டாள். நான் பின்னாலேயே ஓடிப்போய் அவள் முந்தானையைப் பிடித்தேன். "அங்கன படுக்கும்போது குளுந்தாலும் சரி, கொசு கடிச்சாலும் சரி, புள்ளை முகத்தை மட்டும் சேலையால மூடிராத" என்றேன்.

"ஏன் மதினி?" என்றாள்.

பேச்சி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். நான் சொல்லுமுன்னே அவள் சொன்னாள்: "மூச்சுக் காட்டணும்லா."

உன் தங்கை
சுடலைவடிவு